பாய்க்கா இவ்வளவு விலை?

கண்காட்சியில் பத்தமடைப் பாயை விரித்துப் பார்க்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான். பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் கேள்வியில் தப்பில்லை. பதில் சொல்லத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. நெய்த பெண் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் தன் வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்.

கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைத்து, கட்டுக் கட்டாகத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றிய பிறகுதான் தறிக்கே வரும். பாவு பருத்தி நூல், ஊடை கோரை. எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு மென்மை. பட்டுப் பாய் எனப்படும் உயர்ந்த ரகத்தைப் புடவை போல மடித்து வைக்கலாம். அப்படி ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நெய்யும் அந்த நாட்கள் விலையில் முழுதாக ஏறுவதில்லை.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பார்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பெயருக்குக் காவல். வேறு ஊர்ப் பாயைப் பத்தமடை என்று விற்கக் கூடாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நெய்கிறவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் கூலியை உயர்த்துவதோ வாங்குபவரைக் கூட்டி வருவதோ அதன் வேலை அல்ல. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போன கதையை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதுவும் அன்பளிப்புதான், வியாபாரம் இல்லை!

பூம்புகார் விற்பனை நிலையங்கள், மகளிர் குழுக்களின் சரஸ் கண்காட்சிகள், இணையக் கடைகள் என்று வழிகள் உண்டு. இணையத்தில் ஒரு சங்கடம்: முரட்டுப் பாயும் பட்டுப் பாயும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும், தொட்டால்தான் வித்தியாசம். கைப்பை, மேசை விரிப்பு என்று சிறு பொருட்களும் செய்கிறார்கள். கைக்குக் காசு சீக்கிரம் வரும். ஆனால் அதற்குச் சாதாரணக் கோரையே போதும். மெல்லிசாகக் கிழிக்கும் கைக்கு அங்கே வேலை குறைவு.

என் கணக்கில் நல்ல சந்தை உத்தி பத்தமடையிலேயே இருக்கிறது: மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய். முன்பணத்தோடு வரும் ஆர்டர், விற்காமல் தேங்காது. உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால், பத்திரிகை அடிக்கும்போதே பாய்க்கும் பெயரைச் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நெய்து முடியாது.