தொகுத்தனுப்பும் கட்டளைகளும் விளைவறிதலும்

கணினித் தரவுத்தளத்திற் பதிய வேண்டியவற்றை ஒவ்வொரு கட்டளையாய் அனுப்பாது, ஒரு கட்டாகத் தொகுத்து அனுப்புதல் காலத்தை மிச்சப்படுத்தும். ஆயின், பல கட்டளைகள் ஒருங்கே செல்லுங்கால் எது நிறைவேறிற்று, எது தவறிற்று என்பதைத் தனித்தனியே அறிதல் இன்றியமையாதது. அதனை அறியும் வகையை ஈண்டு விளக்குவாம்.

நம் ஊவாவிற் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியை அறியாதார் இலர். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதிக்கு, இன்று தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில்கொள்நர் 12 பங்கும் மாதந்தோறும் செலுத்தல் வேண்டும். ஒரு தோட்டத்தார் 400 தொழிலாளரின் தொகைகளைத் தம் கணினியில் ஒரே கட்டாகப் பதிவதாகக் கொள்வோம். 217ஆம் வரியிற் பிழை நேர்கின்றது. யாது நிகழும்?

மூன்றிலொன்று நிகழலாம். முதலாவது, பதிவு அவ்வரியிலேயே நின்றுவிடும். முன்னைய 216 பேர் பதிவாகியிருப்பர், பின்னைய 183 பேர் விடுபடுவர். இதனை ஆராயாது முழுக்கட்டையும் மீண்டும் அனுப்பின், 216 பேர்க்கு இருமுறை பதிவாகும். இரண்டாவது, பிழையான வரியை மட்டும் விட்டு ஏனைய 399உம் பதிவாகும். ஜாவா மொழியின் ஜேடிபிசி முறையில் இவ்விரண்டுள் எது நிகழும் என்பது தரவுத்தள இயக்கியைப் பொறுத்தது. மூன்றாவது, கட்டு முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாக அமைத்திருப்பின், பிழை கண்டவுடன் அனைத்தையும் மீளப்பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஜேடிபிசி, ஒவ்வொரு கட்டளையும் எத்தனை வரிகளை மாற்றிற்று என்னும் எண்களை வரிசையாய்த் தரும். பிழைக்குப் பின்னும் பதிவு தொடர்ந்ததாயின், தவறிய கட்டளையின் இடத்தில் −3 என நிற்கும். இதனினும் நுண்ணியது பூச்சியம். இல்லாத உறுப்பினர் இலக்கத்திற்குத் தொகை சேர்க்குமாறு ஏவின், கணினி அதனைப் பிழையென்று கூறாது. மாற்றிய வரி பூச்சியம் என்றே கூறும். அவ்விலக்கம் பிறரொருவர்க்கு உரியதாயின் 1 எனவே விடை வரும். ஆதலின் இலக்கத்தோடு பெயரையும் ஒப்புநோக்கல் வேண்டும்.

எனவே, எண்வரிசையை முழுதும் வாசிக்க. தவறியவற்றைக் காரணத்தோடு தனிப்பட்டியலிற் குறிக்க. திருத்தி, அவற்றை மட்டுமே மீண்டும் அனுப்புக.

சேமலாபப் பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறுகின்றனர். இன்று விடுபட்ட ஒரு வரி, கொழுந்து பறித்து ஓய்ந்த தாயொருத்திக்கு முப்பது ஆண்டின் பின்னரே தெரியவரலாம். அலுவலகங்களிற் கணினிமுன் அமரும் நம் பழைய மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.