வீரர் பலர், ஆசிரியர் யாவர்?

தனித்தனியே புகழ்பெற்ற வீரர்களை ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கும் ஆசை நமக்குப் புதியதன்று. பாரி பறம்பில் இருந்தான். பேகன் பொதினியில் இருந்தான். காரியும் ஓரியும் ஒருவரோடொருவர் பொருதவர்கள். இவர்களையெல்லாம் ஆய், அதிகன், நள்ளியோடு சேர்த்து எழுவராக்கி ஒரே வரிசையில் நிறுத்தினார் சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார். இன்று ‘கடையெழு வள்ளல்கள்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் சொல் அந்த வரிசையால் வந்தது. மேலைநாட்டுப் படக்கதைகளில் வரும் அதிமனித வீரர் குழாங்களைப் பற்றி எழுதப் புகுந்த நான் சங்க இலக்கியத்தில் தொடங்குவது சில நண்பர்களுக்கு நகைப்பைத் தரலாம். தரட்டும், காரணம் போகப்போகத் தெரியும்.

அமெரிக்காவில் 1938 ஜூன் மாதத் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். எழுதியவர் ஜெரி சீகல். வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இருவரும் இளைஞர்கள், நம்மைப் போல் கையில் காசில்லாதவர்கள். அவ்வீரனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்மேன் விற்ற விற்பனையைக் கண்டு ஊரெல்லாம் வீரர்கள் முளைத்தனர். அவர்களுள் சிலரைச் சேர்த்து முதற் குழு அமைந்தது 1940ஆம் ஆண்டின் இறுதியில். ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில், ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ என்னும் பெயரில், எண்மர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ். பதிப்பாசிரியர் ஷெல்டன் மேயர்.

அந்தச் சங்கத்தின் விதி ஒன்று மிகச் சுவையானது. ஒரு வீரனுக்குத் தனி இதழ் கிடைத்துவிட்டால் அவன் சங்கத்தை விட்டு விலக வேண்டும்! ஃப்ளாஷ் அங்ஙனமே போனான். கிரீன் லான்டர்னும் போனான். சூப்பர்மேனும் பேட்மேனும் பெயரளவில் மட்டும் கௌரவ உறுப்பினர்கள். இது என்ன விதி என்று வியக்க வேண்டா. தனி இதழ் இல்லாத வீரனை விளம்பரம் செய்வதற்கு ஒரு கடை வேண்டும். அந்தக் கடைதான் சங்கம். சொந்தக் கடை வைத்துவிட்டவனுக்குப் பொதுக்கடையில் இடமெதற்கு? உலகைக் காக்கக் கூடிய கூட்டமென்று கதை சொல்லிற்று. சரக்கை விற்கக் கூட்டிய கூட்டமென்று கணக்கேடு சொல்லிற்று. இரண்டும் உண்மையே.

ஃபாக்ஸ் கையாண்ட முறையையும் சொல்ல வேண்டும். கதையின் தொடக்கத்தில் எல்லாரும் கூடுவார்கள். பிறகு ஆளுக்கொரு திசையாகப் பிரிவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அதிகாரம். இறுதியில் மீண்டும் கூடிப் பகைவனை வெல்வார்கள். இந்தச் சிறு அதிகாரங்களை ஒரே ஓவியர் வரையவில்லை. அவரவர் வீரனுக்கு அவரவர் ஓவியர். ஆகவே மேசையைச் சுற்றி அமர்ந்த எண்மருக்குப் பின்னால் ஓவியர் கூட்டம் ஒன்று கண்ணுக்குப் புலப்படாமல் அமர்ந்திருந்தது. வீரர் குழாம் என்பது உண்மையில் தொழிலாளர் குழாம் என்று நான் கருதுவது இதனால்தான்.

1960இல் அதே ஃபாக்ஸ் ‘ஜஸ்டிஸ் லீக்’ என்று புதுக் குழுவைப் படைத்தார். அதன் வெற்றியைக் கண்ட மார்வெல் நிறுவனம் 1961இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’, 1963இல் ‘எக்ஸ்-மென்’, ‘அவெஞ்சர்ஸ்’ என்று வரிசையாக இறக்கியது. மார்வெல் வீரர்கள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள். வாடகை கட்டக் காசின்றித் தவித்தார்கள். அதுவே அவர்கள் பெற்ற வெற்றி. படைத்தவர் யார் என்று கேட்டால் ஸ்டான் லீ என்றுதான் திரைப்படம் பார்த்த நம் நண்பர்கள் சொல்வார்கள். அங்கே வேலை நடந்த முறை வேறு. லீ கதைச்சுருக்கத்தை வாயால் சொல்வார். ஓவியர் ஜாக் கிர்பி பக்கம் பக்கமாகக் கதையை விரித்து வரைவார். வரைந்து முடிந்த பக்கங்களில் லீ உரையாடலை நிரப்புவார். இதில் ஆசிரியர் எவர்? கிர்பி 1994இல் மறைந்தார். அவர் குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

அமெரிக்காவிலாவது பெயரைப் பற்றிச் சண்டை நடந்தது. இங்கிலாந்தில் சண்டைக்கே இடமில்லை. ஏனெனில் அங்கே பெயரே அச்சாகவில்லை. லண்டனில் வெளிவந்த ‘லயன்’, ‘வேலியன்ட்’ போன்ற வார இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இடுவது வழக்கமன்று. 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ என்னும் இதழில்தான் படைப்பாளர் பெயரைப் பெட்டி கட்டிப் போடும் பழக்கம் அங்கே வேர்கொண்டது.

இந்த லண்டன் இதழ்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் தமிழ்நாட்டில் வளராதவராகத்தான் இருக்க வேண்டும்! 1972இல் சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ வெளியிட்ட முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டல் விபத்தில் வலக்கையை இழக்கிறான். உருக்குக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். முதலில் திருடனாக அலைந்தவன் பின்னர் நாட்டுக்கு உழைக்கும் உளவாளியாகிறான். 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியே தமிழ்ச் சிறுவர்களின் வீட்டுக்குள் புகுந்தனர். (அதே ஆண்டில் தோன்றிய ‘ராணி காமிக்ஸ்’ வேறொரு வீரனாகிய ஃபேன்டமுக்கு ‘மாயாவி’ என்று பெயரிட்டது. எந்த மாயாவி பெரியவன் என்ற சண்டையில் எத்தனை சட்டைப் பொத்தான்கள் அறுந்தனவோ!)

எங்கள் கோவண்டியில் இக்கதைகள் கடைகளில் புதிதாய்த் தொங்கியவை அல்ல. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பெட்டிக்குள் கொண்டுவந்தவை. பிள்ளைகள் வளர்ந்தபின் எடைக்குப் போட்டவை. நிலையத்துக்கு அப்பால் ஒரு ரத்திக் கடையில் மராத்திப் பாடநூல்களுக்கும் உருது நாளிதழ்களுக்கும் இடையே அட்டை கிழிந்த ஸ்பைடரைக் கண்டெடுத்தேன். அன்றுமுதல் கையில் சிக்கியதையெல்லாம் வாங்கினேன். கிலோக் கணக்கு என்பதால் வீரர்களுக்கு விலை மலிவு. ஒன்றிலாவது, உள்ளட்டையிலாவது, இக்கதையை முதலில் எழுதியவர் இன்னார், வரைந்தவர் இன்னார் என்று இருக்கிறதா எனத் தேடினேன். என் கைக்கு வந்த பிரதிகளில் இல்லை. சிவகாசிக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. லண்டனில் அச்சாகாத பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்?

பின்னர் வெளிவந்த ஆய்வுகளால் அப்பெயர்கள் இன்று தெரிகின்றன. இரும்புக்கை மாயாவியை எழுதியவர் கென் புல்மர்; வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ; ஆண்டு 1962. நிழலும் ஒளியுமாக அவர் தீட்டிய கோடுகள் மட்டரகத் தாளில் அச்சாகியும் மங்கவில்லை. ஆர்ச்சி பிறந்தது 1952இல்; எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் டெட் கீயரன். ஸ்பைடர் 1965, வரைந்தவர் ரெஜ் பன், எழுதியவர்? அதே டெட் கோவன்! ஆர்ச்சியின் வெகுளியும் ஸ்பைடரின் செருக்கும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை என்று தமிழில் அவற்றைப் படித்த எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நான் சொல்லப் போவதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. கோவனுக்குப் பின் ஸ்பைடரை எழுதியவர் ஜெரி சீகல். ஆம், சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்ற அதே சீகல்.

நடந்தது இதுதான். உரிமைக்காக 1940களில் வழக்காடித் தோற்ற சீகல், பிழைப்புக்காக அதே நிறுவனத்திற்குத் திரும்பிவந்து பெயரில்லாமல் கதை எழுதினார். ‘லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்’ என்னும் எதிர்கால இளைஞர் குழு 1958இல் ஓட்டோ பைண்டர் எழுதித் தோன்றியது. அதற்கு உறுப்பினர் பலரைச் சேர்த்துக் கூட்டத்தைப் பெருக்கியவர் சீகல். அறுபதுகளின் நடுவில், பழைய உரிமையை மீண்டும் கோரியதும் அந்த வேலையும் நின்றது. கடல் கடந்து லண்டன் ‘லயன்’ இதழுக்கு எழுதலானார். அங்கேயும் பெயரில்லை. ஆர்டினியையும் பேராசிரியர் பெல்ஹாமையும் அடியாட்களாக வைத்துக்கொண்டு குற்ற உலகை ஆளப் பிறந்த ஸ்பைடர், சீகல் கையில் குற்றவாளிகளை வேட்டையாடும் வீரனாக உயர்ந்தான். ஒரு கதையில் கொடியவர் எழுவரை எதிர்க்க அவன் வீரர் சங்கம் ஒன்றையே கூட்டுகிறான். பழக்கம் விடுமா?

ஆக, சிவகாசித் தாளில் ஸ்பைடரைப் படித்த தமிழ்ச் சிறுவன், தான் அறியாமலே சூப்பர்மேனின் தந்தையைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தத் தந்தையோ 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸில் தபால் பிரிக்கும் எழுத்தராக வேலை பார்த்தார். சூப்பர்மேன் திரைப்படம் தயாராகும் செய்தி வந்தபின், 1975இல் அவர் பத்திரிகைகளிடம் முறையிட, ஓவியர்களும் துணைநிற்க, நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையில் பெயரும் தர இசைந்தது. ஷூஸ்டர் 1992இல் மறைந்தார், சீகல் 1996இல்.

பெயரில்லாத உழைப்பு எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்ததன்று. கோவண்டியின் சந்துகளில் ஜரிகைப் பட்டறைகள் உண்டு. சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, குனிந்த தலை நிமிராமல் இழை கோப்பார்கள். துணி முடிந்து போகும்போது அதில் கடையின் பெயர் மட்டும் தைக்கப்பட்டிருக்கும். அதனால்தானோ என்னவோ, பெயரிடாத படக்கதையைப் புரட்டும்போது என் கண் முதலில் ஓரங்களைத் தேடுகிறது; எங்கேனும் ஓவியர் கள்ளத்தனமாக ஓர் எழுத்தையாவது ஒளித்துவைத்திருக்கிறாரா என்று.

லண்டன் வீரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்த கதையும் உண்டு. 2005இல் தொடங்கி ஆறு இதழ்களாக வந்த ‘ஆல்பியன்’. கதையமைப்பு ஆலன் மூர். எழுத்து அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். ஓவியம் ஷேன் ஓக்லி. பழைய படக்கதை வீரர்கள் அனைவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். அரசாங்கம் அவர்களை ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் சிறைவைத்துவிட்டது. பழைய இதழ் சேர்க்கும் இளைஞன் ஒருவன் அதைக் கண்டறிகிறான் என்பது கதை. உள்ளே யார் யார்? ஸ்பைடர், இரும்புக்கை மாயாவி, ஆர்ச்சி. லண்டனில் பெரும்பாலோர் மறந்துவிட்ட இவர்களைத் தமிழ் வாசகர் மறக்கவேயில்லை என்பது நமக்குப் பெருமை. பூட்டிவைத்த வீரர் என்பது உரிமையாளரின் அலமாரியில் கிடந்த வீரர் என்பதற்கு உருவகமே என்று நான் கொள்கிறேன். மூரே ‘வாட்ச்மென்’ உரிமை தமக்குத் திரும்பவில்லை என்று டி.சி. நிறுவனத்தோடு பகைத்துக்கொண்டவர்தாமே!

நம் மும்பைக்கும் இதில் பங்குண்டு. 1964 முதல் 1990 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ வெளியிட்டது, தமிழிலும் வந்தது. ஃபேன்டம், மான்ட்ரேக், ஃப்ளாஷ் கார்டன் ஆகிய வெளிநாட்டார் உலவிய அந்த ஏட்டில் 1976இல் ஆபித் சுர்த்தி ‘பகதூர்’ என்னும் இந்திய வீரனைப் படைத்தார். வரைந்தவர் கோவிந்த் பிராமணியா. பகதூர் கொள்ளைக்காரனின் மகன். அவனிடம் மந்திரமில்லை; பறக்கும் ஆற்றலில்லை. ஊர்மக்களைச் சேர்த்துக் குடிமக்கள் பாதுகாப்புப் படை ஒன்று கட்டினான். குழு என்றால் இதுவன்றோ குழு என்பது என் கட்சி. மறுப்போர் அடுத்த இதழில் எழுதுக.

குறுந்தொகையைத் தொகுத்த பெரியோர், பாட்டு கிடைத்துப் பெயர் கிடைக்காத புலவர்க்கு அவர் பாட்டிலுள்ள தொடரையே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் என்கிறோம், அது தாய் தந்தையர் இட்ட பெயரா? ஆயினும் பாட்டைப் பெயரில்லாமல் விட மனம் வரவில்லை அவர்களுக்கு. லண்டன் இதழ்களுக்கு அத்தகைய தொகுப்பாசிரியர் வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. 2016இலும் 2018இலும் அவ்விதழ்களின் உரிமையை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது. 2018இல் சைமன் ஃபர்மன் எழுத, சைமன் கோல்பி வரைய, ‘தி விஜிலன்ட்’ என்று பழைய வீரர்களைக் கொண்டு புதுக்குழு ஒன்றும் வந்தது. 2021இல் ஸ்பைடர், இரும்புக்கை மாயாவி தொகுதிகளைப் படைத்தவர் பெயரோடு மறுபதிப்புச் செய்தார்கள்.

நான் சேர்த்த தமிழ்ப் பிரதிகள் பத்தொன்பதை நம் மன்ற நூலகத்தில் ஒப்படைத்துள்ளேன். கோவன், சீகல், பன், புல்மர், பிளாஸ்கோ, கீயரன் என்று உரிய நூல்களின் முதற்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஸ்பைடர் இரண்டுக்கு அட்டை இல்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் செயலாளரிடம் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம்.