அழற்சியையும் உயிரணு மடிவையும் அடக்கியாளும் புரதங்கள்

காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பதை அழற்சி என்பர். கிருமிகளை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் தற்காப்பு முறையே அது. எனினும், பணி முடிந்தபின் அழற்சி அடங்க வேண்டும்; பழுதுற்ற உயிரணுக்கள் மடிந்து அகல வேண்டும். இவ்வொழுங்கு கெடுமாயின் மூட்டழற்சி, புற்றுநோய் முதலிய பிணிகளுக்கு அது இடமளிக்கக்கூடும். இவ்வொழுங்கைக் காப்பவை சில புரதங்களாகும்.

அவற்றுள் முக்கியமானது என்.எப். காப்பா-பி என்பது. 1986-ஆம் ஆண்டில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய விஞ்ஞானிகள் அமெரிக்காவில் இதனைக் கண்டறிந்தனர். சாதாரண வேளைகளில் இப்புரதம், ஐ காப்பா-பி என்னும் மற்றொரு புரதத்தால் பிணிக்கப்பட்டு, உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே செயலற்றிருக்கும். வெள்ளணுக்கள் சுரக்கும் டி.என்.எப். என்னும் பொருள் உயிரணுவின் மேற்புறத்தில் வந்து பற்றியதும், உள்ளிருக்கும் நொதியொன்று ஐ காப்பா-பியின்மீது பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதன் விளைவாக ஐ காப்பா-பி சிதைக்கப்படுகிறது. கட்டு நீங்கிய என்.எப். காப்பா-பி உட்கருவினுள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களையும், உயிரணுவை மடியாமற் காக்கும் புரதங்களையும் உண்டாக்கச் செய்கிறது.

அவற்றோடு, தன்னை அடக்கவல்ல ஐ காப்பா-பியையும் ஏ20 என்னும் புரதத்தையும் அதுவே தோற்றுவிக்கிறது. ஏ20 இல்லாத சுண்டெலிகள் கடும் அழற்சியால் இளமையிலேயே மாண்டன என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

என்.எப். காப்பா-பி செயற்படாத உயிரணுவில், அதே டி.என்.எப். காஸ்பேஸ் என்னும் நொதிகளை முடுக்கி மடிவை விளைவிக்கும். 1996-ஆம் ஆண்டுச் சோதனைகள் இதனைப் புலப்படுத்தின. இத்தகைய மடிவில் உயிரணு சுருங்கித் துண்டுகளாகி, பிற அணுக்களால் விழுங்கப்படும். பொதுவாக அழற்சி எழாது. உயிரணு வெடித்துச் சிதறினாலோ, உள்ளிருந்த பொருள்கள் வெளிப்பட்டு அழற்சி மேலும் பெருகும்.

புற்றணுக்கள் பல இக்காப்பினைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டு மருந்துக்குத் தப்புகின்றன. திருவனந்தபுரத்தில் வலியசாலைக்கு அணித்தான தைக்காட்டில் இராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம் உள்ளது. அங்கு ரூபி ஜான் ஆன்ட்டோ குழுவினர் இதனை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கருப்பைக் கழுத்துப் புற்றணுக்களில் டாக்சால் என்னும் மருந்து என்.எப். காப்பா-பியைத் தூண்டிற்று, மஞ்சளிலுள்ள குர்க்குமினைச் சேர்த்தபோது அத்தூண்டல் தணிந்து, அணுக்கள் மிகுதியாக மடிந்தன.

இம்முடிவைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கையில் எச்சரிக்கை வேண்டும். அச்சோதனை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட அணுக்களில் நடந்தது; குர்க்குமின் அங்கே மருந்தின் இடத்தைப் பெறவில்லை, அதற்குத் துணையே நின்றது. மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்குச் சில பங்கே உண்டு. உண்ணும்போது அதிலும் சிறு பகுதியே இரத்தத்தில் சேரும். வலியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் வாங்கும் விரலி மஞ்சள் சமையலுக்கு உகந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஈடாகாது. மேலும், என்.எப். காப்பா-பி கிருமிகளை எதிர்க்கவும் இன்றியமையாதது. அதனை முற்றிலும் ஒடுக்குவது நன்மையாகாது.

மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்குக் காணும் பெண்கள், கைவைத்தியத்தில் நாட்களைக் கழியாமல் உடனே மருத்துவரை அணுகுமாறு களப்பணியாளர் வற்புறுத்த வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்த இயலும். மஞ்சளைப் பற்றிய வினா வகுப்பில் எழும்போது, ஆய்வுக்கூடத்து அணுவுக்கும் மனித உடலுக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் விளக்குவது பெரும் பயன் தரும்.