ஆர்க்கிட் செடி... வீட்டுக்குள்ளா, வெளியிலா? வல்லக்கோட்டை வெயிலுக்கு எது சரி?

கிரகப்பிரவேசத்துக்கு அன்பளிப்பாக வந்திருக்கும். இல்லையென்றால், நர்சரியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். ஹாலில் டி.வி பக்கத்தில் வைத்தால், வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல இரண்டு மாதம் வரைகூட பூ வாடாமல் இருக்கும் ஆர்க்கிட் செடி. பூக்கள் உதிர்ந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கும். வெளியே வைத்தால் கருகிவிடுமோ? உள்ளேயே வைத்தால் மறுபடி பூக்காதோ?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கிறது, முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டை. சுற்றிலும் தொழிற்சாலைகள், நாள் முழுக்க லாரிப் போக்குவரத்து, புதிது புதிதாக முளைக்கும் வாடகை வீடுகள். இந்த ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. காரணம் எளிது. அவற்றில் பல, பனி கொட்டும் நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை.

நமக்குக் குளிர் எதிரியல்ல

குளிர் நாடுகளில் ஆர்க்கிட்டை வீட்டுக்குள் கொண்டுபோவது, குளிரில் செத்துவிடாமல் காப்பாற்றத்தான். வல்லக்கோட்டையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதனால் எந்த வெப்பமண்டல ஆர்க்கிட்டுக்கும் ஆபத்து இல்லை.

இங்கே பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வெயில். மற்றொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடாமல் கொட்டும் வடகிழக்குப் பருவமழை. வெயில் இலையைக் கருக்கும். மழை வேரையும் குருத்தையும் அழுகவைக்கும். உள்ளேயா, வெளியேயா என்ற முடிவை இந்த இரண்டையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ரகத்தைப் பாருங்கள்

பெரும்பாலான வீடுகளுக்கு வருவது இரண்டு ரகங்கள். அகலமான, தடித்த இலைகள் நாலைந்து மட்டும் இருந்து, வளைந்த ஒரே காம்பில் பெரிய பூக்கள் வந்தால், அது ஃபெலனாப்சிஸ். கரும்புபோலக் கணுக்கணுவான தண்டுகள் இருந்தால், டென்ட்ரோபியம்.

டென்ட்ரோபியம் வெளிச்சத்தை விரும்பும். ஆண்டு முழுக்க வெளியிலேயே வளர்க்கலாம். மொட்டை மாடியென்றால் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டாயம் தேவை. வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளரும் வாண்டாவும் வெளிச்செடிதான். வாண்டா டெஸ்ஸெல்லாட்டா என்ற ரகம் தமிழ்நாட்டு மரங்களிலேயே இயற்கையாக வளர்கிறது. ஆனால், வெறும் வேரோடு தொங்கும் வாண்டாவுக்குக் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு, தொட்டியில் வளரும் டென்ட்ரோபியமே வசதி.

ஃபெலனாப்சிஸ் நேரடி வெயிலைத் தாங்காது. கோடையில் அதை வெளிச்சமான ஜன்னல் ஓரத்தில், காற்றோட்டமாக வைப்பது நல்லது. ஏ.சி காற்று நேராகப் படக் கூடாது. ஆனால் ஆண்டு முழுக்க உள்ளேயே பூட்டிவைத்தால், இலை மட்டும் விட்டுப் பூக்காமல் போகலாம். இரவில் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி கிடைத்தால்தான் இந்த ரகம் பூங்காம்பு விடும். அந்தக் குளிர்ச்சி நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்போது மழை படாத வராண்டாவில் வைத்தால் போதும்.

சிங்கப்பூரில் வளர்கிறதே?

சிங்கப்பூரின் தேசிய மலர், வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட். 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் பூத்த இந்தக் கலப்பின மலர், 1981-ல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அங்கே முழு வெயிலிலேயே வளர்கிறது. ஆனால் சிங்கப்பூரில் மாதம் தவறாமல் மழை உண்டு. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். நமக்கோ மாதக்கணக்கில் மழையே இல்லாத காலமும் உண்டு. அங்கே பார்த்ததை அப்படியே இங்கே செய்தால், செடிதான் வாடும்.

நேர்மாறான உதாரணம் ஏற்காடு. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. மலைக் குளிரில் செழிக்கும் ரகங்களை அங்கே பார்த்துவிட்டு, அதே செடியைத் தேடி வாங்கி வந்து சமவெளியில் வைத்தால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இடம் சரியா? கையே சொல்லிவிடும்

நண்பகலில் செடிக்கு மேல் ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். இலைமேல் விழும் நிழல் கருப்பாக, விளிம்பு தெளிவாக இருந்தால் வெயில் அதிகம். மங்கலான நிழல் விழுந்தால், ஃபெலனாப்சிஸுக்கு அது சரியான இடம். நிழலே தெரியாவிட்டால் வெளிச்சம் போதாது. இலையைத் தொட்டால் சுடுகிறதென்றால், உடனே இடத்தை மாற்றுங்கள்.

வேப்பமர நிழலை நம்பி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் நிழல் குறைந்துவிடும். புதுத் தளிர் அடரும்வரை செடியை இடம் மாற்றிவையுங்கள்.

தண்ணீரில்தான் பாதி செடிகள் போகின்றன

ஆர்க்கிட்டுக்கு மண் வேண்டாம். அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு போதும். வேர் வெள்ளி நிறமாக வெளுத்திருந்தால் தண்ணீர் விடலாம். பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். காலையில் விடுவது நல்லது. ஃபெலனாப்சிஸின் குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், வேர்மேல் வெள்ளையாகப் படியும். நாளடைவில் வேர் கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்து மூடிவைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ மெஷினில் கழிவாக வெளியேறும் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால், தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் வேர் அழுகும், டெங்கு கொசுவும் பெருகும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடென்றால், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைத்துவிடுங்கள்.

எப்போது, எங்கே?

* ஜனவரி - மார்ச்: எல்லா ரகமும் வெளியே, நிழலில் இருக்கலாம்.
* ஏப்ரல் - ஜூன்: ஃபெலனாப்சிஸ் உள்ளே, ஜன்னல் ஓரம். மற்றவை நிழல்வலைக்குக் கீழே.
* ஜூலை - செப்டம்பர்: வெயில் தணிந்ததும் ஃபெலனாப்சிஸை மெல்ல வெளியே பழக்கலாம். முதல் வாரம் காலை வெளிச்சம் மட்டும்.
* அக்டோபர் - டிசம்பர்: வெளியே இருக்கட்டும். ஆனால், கூரைக்குக் கீழே.

வாடகை வீட்டில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். ஜன்னல் கம்பியில் தொங்கும் ஒரு தொட்டி போதும். கோடையில் உள்பக்கம், மழை ஓய்ந்ததும் வெளிப்பக்கம் என்று மாற்றி மாட்டினால், அடுத்த பூங்காம்பை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.