தாம்பரத்தில் இருந்து உப்பளம் வரை!
80 புத்தகங்கள் எழுதிய ராஜம் கிருஷ்ணன்

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். புத்தாண்டு பிறந்ததும், "இந்த ஆண்டு ஒரு நாவல் எழுதியே தீருவேன்" என்று சபதம் செய்வார்கள். புது நோட்டுப் புத்தகமும் வாங்கி விடுவார்கள்.

பொங்கல் கழியும். அலுவலகம், வீட்டு வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று நாள் ஓடும். பத்திரிகைக்கு அனுப்பிய கதை ஒன்று திரும்பி வரும். அவ்வளவுதான்! சித்திரை பிறப்பதற்குள் பேனாவை மூடி வைத்து விடுவார்கள்.

இப்படிச் சோர்ந்து போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெண்மணி, தாம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர்தான் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன்.

15 வயதில் திருமணம்

ராஜம் கிருஷ்ணன் 1925-ம் ஆண்டு, திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்தார். 15 வயதில் திருமணம் நடந்தது. கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்சாரப் பொறியாளர். அவருக்கு வேலை கிடைத்த ஊரெல்லாம் மனைவியும் சென்றார்.

வேறு ஒருவராக இருந்தால், "படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே" என்று வருந்திக்கொண்டு இருந்திருப்பார். ராஜம் கிருஷ்ணன் அப்படி இருக்கவில்லை. கிடைத்த புத்தகங்களைப் படித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். கணவரும் ஊக்கம் கொடுத்தார்.

பலன் என்ன? 1950-ல் அமெரிக்காவின் "நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன்" பத்திரிகை நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் அவருக்குப் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25 தான்!

1953-ல் "பெண் குரல்" நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. 1958-ல் "மலர்கள்" நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசு கிடைத்தது.

பரிசுக்குப் பிறகு என்ன செய்தார்?

பரிசு கிடைத்ததும் சிலர் அதே மாதிரிக் கதையைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். குடும்பக் கதை எழுதிப் பெயர் வாங்கிய ராஜம் கிருஷ்ணன், வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போனார்.

நீலகிரி மலையில் வசித்த காலத்தில், அங்கு வாழும் படகர் மக்களின் வாழ்க்கையைக் கவனித்தார். தேயிலையும் பணமும் வந்த பிறகு மலைக் கிராமம் எப்படி மாறியது என்பதைக் "குறிஞ்சித் தேன்" நாவலில் எழுதினார். நீலக் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். அந்தப் பூவே அந்த நாவலுக்குப் பெயரைக் கொடுத்தது.

"முள்ளும் மலர்ந்தது" நாவலுக்காக, கொள்ளையர்களுக்குப் பெயர் போன சம்பல் பள்ளத்தாக்குக்கே போனார்.

1973-ல் "வேருக்கு நீர்" நாவல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. தமிழுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் எழுத்தாளர் அவரே.

அடுத்து அவர் தூத்துக்குடிப் பக்கம் போனார். கடற்கரை மீனவர்களைப் பற்றி "அலைவாய்க் கரையில்" எழுதினார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் "கரிப்பு மணிகள்" எழுதினார்.

உப்பள வேலை லேசான வேலை அல்ல. தலைக்கு மேலே வெயில் கொளுத்தும். கீழே வெள்ளை உப்பு கண்ணைக் கூசச் செய்யும். உப்பு நீரில் நின்று நின்று காலில் வெடிப்பும் புண்ணும் உண்டாகும். சோற்றில் போடும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால் இத்தனை துன்பம் இருக்கிறது. இதை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுத முடியுமா? நேரில் போய்ப் பார்த்து, அந்த மக்களோடு பேசிப் பழகிய பிறகே அவர் எழுதினார்.

தீப்பெட்டித் தொழிலில் வாடிய குழந்தைகளைப் பற்றிக் "கூட்டுக் குஞ்சுகள்" எழுதினார். தஞ்சை வயல்களில் உழைத்த மக்களைப் பற்றிச் "சேற்றில் மனிதர்கள்" எழுதினார். இப்படி அவர் எழுதிய புத்தகங்கள் சுமார் 80.

எது நம் கையில் இருக்கிறது?

புதிதாக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

"இந்த ஆண்டு பரிசு வாங்குவேன்" என்பது ஒரு குறிக்கோள். ஆனால், பரிசு கொடுப்பது வேறு ஒருவர். "என் கதை பத்திரிகையில் வரும்" என்பதும் அப்படியே. அதை முடிவு செய்பவர் ஆசிரியர்.

"இந்த ஆண்டு உப்பளத்துக்குப் போவேன். அந்த மக்களிடம் பேசுவேன். கதையை எழுதி முடிப்பேன்." இவை நம் கையில் இருப்பவை. இவற்றை யாரும் தடுக்க முடியாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். தினம் ஒரு பக்கம் எழுதினால் ஆண்டுக்கு 365 பக்கம். காய்ச்சல், கல்யாணம், விருந்தாளி என்று 65 நாள் வீணாகட்டும். அப்போதும் 300 பக்கம் மிஞ்சும். அது ஒரு நாவல்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்தில் இருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்களும் இதைச் செய்யலாம். உப்பளத்தைத் தேடி எல்லோரும் தூத்துக்குடிக்குப் போக வேண்டியது இல்லை. ரயில் நிலையத்தில் பூ விற்கும் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

திரும்பி வந்த கதையை என்ன செய்வது? ஒரு வாரம் பெட்டியில் வையுங்கள். பிறகு, வேறு யாரோ எழுதியது போல் படித்துப் பாருங்கள். குறை தெரிந்தால் திருத்துங்கள். தெரியாவிட்டால் வேறு பத்திரிகைக்கு அனுப்புங்கள். அதற்குள் அடுத்த கதையைத் தொடங்கி விடுங்கள்.

முதுமையில் வந்த இடி

கதை திரும்பி வருவதை விடப் பெரிய அடி ராஜம் கிருஷ்ணனுக்கு முதுமையில் விழுந்தது. 2002-ல் கணவர் காலமானார். குழந்தைகள் இல்லை. நம்பியவர்களாலேயே பொருளை இழந்தார். ஊரார் துன்பத்தை எல்லாம் எழுதியவர், கடைசியில் தாமே வீடு இல்லாதவர் ஆனார்!

நண்பர்கள் கைவிடவில்லை. "விச்ராந்தி" முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. பிறகு போரூர் ராமச்சந்திரா மருத்துவமனை அவரைப் பராமரித்தது.

2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. எழுத்தாளர் காலமான பிறகே அப்படிச் செய்வது வழக்கம். அவருக்கோ, உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெருமை கிடைத்தது. 2014 அக்டோபர் 20-ந் தேதி அவர் காலமானார்.

வீடு போயிற்று, பணம் போயிற்று. எழுதி முடித்த புத்தகங்கள் மட்டும் போகவில்லை. அவற்றை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஆகையால், எழுத ஆசைப்படுகிறவர்கள் அடுத்த ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை யாரும் உங்களிடம் இருந்து பறிக்க முடியாது!