யூ வராத கியூ

சென்ற வருடம் இல்லங்களுக்கிடையிலான ஸ்கிராபிள் இறுதிப் போட்டியில் என் கையில் ஒரேயோர் எழுத்து மிஞ்சியது: கியூ. அதன் பெறுமதி 10. எதிரே இருந்த தோழி தன் எழுத்துகளை முடித்துவிட்டாள். எனக்கு 10 குறைந்தது. அவளுக்கு 10 கூடியது. 6 புள்ளிகளால் முன்னின்ற நான் 14 புள்ளிகளால் தோற்றேன்.

கியூவின் பின்னால் யூ வரவேண்டும் என்றே படித்திருந்தேன். 100 கட்டைகளில் யூ நான்குதான். அவை முடிந்திருந்தன.

வீட்டில் அகராதியைப் புரட்டினேன். யூ பின்தொடராத சொற்களும் இருந்தன!

கியூ, ஐ – 'கி': சீனர் கூறும் உயிராற்றல்.
கியூ, ஏ, ரி – 'காத்': யெமனில் மெல்லும் இலை.
எஸ், யூ, கியூ – 'சூக்': சந்தை.
கியூ, ஏ, ஐ, டி – 'காயித்': தலைவர்.
அதே எழுத்துகள் இடம்மாறி கியூ, ஏ, டி, ஐ – 'காதி': நீதிபதி.

முதலாவதைத் தவிர மற்றவை அரபியிலிருந்து வந்தவை. அடிநாக்கால் ஒலிக்கும் 'காஃப்' எழுத்தை ஆங்கிலத்தில் எழுத கியூ பயன்பட்டது. இரண்டும் பண்டைய பினீசிய எழுத்தொன்றின் வழிவந்த உறவுகளே.

சிறுவயதில் மதரஸாவில் ஓதப் பழகிய எழுத்து அது. காதி நீதிமன்றம் என்பதும் வீட்டில் கேட்ட சொல்தான். ஆனால், தெரிந்த சொற்களை ஆங்கிலத்தில் தேட எனக்குத் தோன்றவில்லை.

அன்று பலகையின் ஓரத்தில் ஓர் ஐ தனியே இருந்தது. அதற்கு இடப்புறம் கியூவை வைத்திருந்தால் 11 புள்ளிகள். தங்கைகளே, இந்த ஐந்து சொற்களையும் மனனமிட்டுச் செல்லுங்கள்.