எந்த நேரத்தைத் தேடுகிறீர்கள்?

மாணவர்களே, ஒரு செயலி காலை 10.05க்கு முடங்குகிறது. கைப்பேசி அதைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் இணையத் தொடர்பு இல்லை. குறிப்பு 10.40க்குத்தான் சர்வரை அடைகிறது.

இப்போது 10.00 முதல் 10.15 வரையிலான பதிவுகளைத் தேடுங்கள். வந்து சேர்ந்த நேரப்படி தேடினால் எதுவும் கிடைக்காது. பழுதே இல்லை என்று நம்பிவிடுவோம்; அதுதான் ஆபத்து. அதனால் சம்பவம் நடந்த நேரத்தைத் தனிப் புலமாக வைத்து, தேடலில் அதையே குறிப்பிடுகிறார்கள். ஸ்பிளங்க் என்னும் பதிவுத் தேடல் மென்பொருள் இரண்டு நேரங்களையும் தனித்தனியே சேமிக்கிறது.

பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் 10.05 அங்கே அதிகாலை 2.05. எட்டு மணி நேரத்தைக் கழிக்க மறந்தாலும் தேடல் வெறுங்கைதான். 1981ஆம் ஆண்டுப் பதிவென்றால் ஏழரை மணி! தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1இல்தான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளின.